பாதி மொட்டை

— நிறுத்துண்ணா! கத்திய எடு! தலைமேல இருந்து எடுண்ணா!

— ஏய், ஏய், யாரும்மா நீ? கைய புடிச்சு இழுக்கறியே, நைனாவுக்குக் காது போயிருக்கும். மொட்டை போடற எடத்துல இப்டியா ஓடி வருவாங்க? தரையெல்லாம் ஈரம்.

— யுவாவா? இன்னாம்மா இப்டி மூச்சு வாங்குது? படியிலயா ஏறி வந்தே?

— வேற எதுல வர்றது பாவா? கிருத்திகைக் கூட்டம்னு வண்டியக் கீழயே நிறுத்திட்டானுங்க. உங்க போன் எங்க? அடிச்சு அடிச்சு என் போன்ல சார்ஜே போயிடுச்சு.

— வீட்லயே வச்சுட்டேன். சாமி காரியத்துக்கு வந்து உக்காந்துகினு போனு இன்னாத்துக்கு? நல்ல நேரத்துலதான் வந்தே. உன்கிட்ட ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லணும். காலையில கம்பெனில இன்னா ஆச்சு தெரியுமா...

— அப்புறம் சொல்லுங்க. முதல்ல நான் சொல்லணும்.

— தலைய ஆட்டாத நைனா. யாரு இந்தப் பாப்பா?

— என் பொண்டாட்டிக்குத் தங்கச்சி, யுவஸ்ரீ. சும்மா ஆளு இல்ல கண்ணையண்ணா. சென்னையில நான் ஹாக்கி ஆடற டீம் இருக்குதே, அதுல யார எடுக்கறது, யார உக்கார வைக்கிறது, எவனுக்கு எவ்ளோ சம்பளம், எல்லாத்துக்கும் கணக்கு போட்டுக் குடுக்கறதே இதான். எங்க ரெண்டு வீட்டுக்கும் சேத்து மொத டிகிரி.

— ஓஹோ. அப்ப ஒரு கும்பிடு. இப்ப கத்தி வைக்கலாமா? இந்தப் பக்கம் வழிச்சாச்சு, அந்தப் பக்கம் காடு மாதிரி கீது. பின்னால சனம் நிக்குது பாரு.

— வைக்காதண்ணா. ரெண்டு நிமிஷம். பாவா, டீம்ல இருந்து ரிலீஸ் வந்துடுச்சுன்னு தெருவுக்கே லட்டு குடுத்தீங்களாம். அக்கா சொல்லிச்சு.

— ஆங். குடுக்க மாட்டேனா பின்ன? முப்பத்திரண்டு வயசு. முட்டில ரெண்டு ஆபரேசன். இந்த வருஷம் நம்மள எங்க வச்சுக்கப் போறாங்கன்னு கெலி புடிச்சுக் கெடந்தேன். சம்பளத்தோட வச்சுகினா முடி குடுக்கறேன்னு முருகன்கிட்ட வேண்டிகினேன். நேத்து வந்துச்சே மெயிலு!

— அதுல என்ன போட்டிருந்துச்சு?

— இங்கிலீசுல நாலு வரி. எனக்கென்ன உன்ன மாதிரி படிக்கத் தெரியுமா? ஆனா ரிலீஸ்டுன்னு போட்டிருந்துச்சு. கீழ தேங்க்யூன்னு கூடப் போட்டிருந்தாங்க. மரியாதையான ஆளுங்க.

— ரிலீஸ்னா என்னன்னு நினைச்சீங்க?

— இன்னா கேள்வி இது? வருஷா வருஷம் வர்றதுதானே. இவர ரெண்டு மாசம் ரிலீஸ் பண்ணுங்கன்னு டீம்ல இருந்து கம்பெனிக்கு லெட்டர் வரும். கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டு விடுவான். நான் பைய தூக்கிகினு கேம்ப்புக்குப் போவேன். ரிலீஸ் வந்துச்சுன்னா ஆடப் போறேன்னு அர்த்தம். ஒம்போது வருஷமா அதான் அர்த்தம்.

— இந்த வருஷம் அது இல்ல பாவா.

— இல்லன்னா?

— டீம் உங்களை விட்டுடுச்சு. வேணாம்னு விட்டுடுச்சு. அதுக்கும் ரிலீஸ்னுதான் பேரு.

— பாப்பா, எனக்குப் புரியல. விட்டுட்டாங்கன்னா நல்லதுதானே? ஜெயிலுல கூட ரிலீஸ்னா...

— நீ சும்மா இருண்ணா! பாவா. பாவா, என்னைப் பாருங்க.

— தப்பா அனுப்பியிருப்பாங்க.

— இல்ல.

— வேற எவனுக்கோ போவ வேண்டியது. டில்லிபாபுன்னு இன்னொருத்தன் கீறான் ரெண்டாவது டீம்ல, கோல்கீப்பர் பையன்.

— உங்களுக்குத்தான் பாவா. உங்களுக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பினாங்க.

— உனக்கு எப்டித் தெரியும்?

— போன மாசம் லிஸ்ட் போடும்போது நான் அங்கதான் இருந்தேன். மெயில்தான் நேத்து அனுப்பினாங்க.

— அப்டின்னா முன்னாலயே தெரியும் உனக்கு.

— தெரியும்.

— நேத்து சாயந்தரம் உனக்கு மூணு தடவை போன் போட்டேன். நீ எடுக்கல.

— திட்டப் போறீங்கன்னு நினைச்சேன். மெயில் பாத்துட்டுக் கத்தப் போறீங்க, அக்காவும் பின்னால நின்னு அழும், காலையில நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கலாம்னு போனைத் திருப்பிப் போட்டுட்டேன்.

— ரிலீஸ்தானே யுவா, நான் நெனைக்கறதுதானேன்னு ஒரு வார்த்த கேக்கத்தான் போட்டேன். எங்களுக்குப் படிச்சவன்னு வேற யாரு கீறா?

— குத்துங்க. நல்லாக் குத்துங்க. வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்.

— நான் குத்தல. நடந்ததச் சொல்றேன்.

— நைனா, கோச்சுக்காத, காத்துல தலை காஞ்சு போச்சுன்னா கத்தி இழுக்கும். கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கறேன். நீங்க பேசுங்க, எனக்கொன்னும் கேக்காது.

— யாரு சொன்னது என்ன வேணாம்னு? கோச்சா? அந்தாளுக்கு என்னப் புடிக்குமே. பெனால்டி கார்னர்னா, டில்லி, நீதான் மொத ஓட்டம்ப்பாரே.

— அது இன்னா நைனா மொத ஓட்டம்?

— கேக்காதுன்னியே! எதிர் டீம்காரன் ஒருத்தன் கோலப் பாத்துப் பந்த சுண்டுவான் கண்ணையண்ணா. குண்டு மாதிரி வரும். அவன் சுண்டறதுக்குள்ள கோல் கோட்டுல இருந்து மொத ஆளா எழுந்து அவன் மேலயே நேரா ஓடணும். அதான் நான்.

— எதுக்கு, அடிக்கவா?

— அடி வாங்க. பந்து எம்மேல பட்டுச்சுன்னா கோலுக்குப் போவாது.

— தேவுடா. இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?

— இதுக்குத்தான் குடுத்தாங்க. சொல்லு யுவா. யாரு சொன்னது?

— நான்தான்.

— எது நீதான்?

— விட்டுடலாம்னு எழுதிக் குடுத்ததே நான்தான் பாவா. கோச் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கணக்குக் காட்டினேன்.

— ஓ.

— போன வருஷம் அரையிறுதி ஞாபகம் இருக்குதா? ரைட் பேக் கால் பிசகி உக்காந்துட்டான். அவன் எடத்துல எறக்க பெஞ்சுல ஆளு இல்ல. முன்னால ஆடறவனைப் பின்னால நிக்க வச்சோம். கடைசி குவார்ட்டர்ல மூணு கோல் வாங்கினோம். நீங்க மூச்சு விட முடியாம நின்னீங்க, மாத்தக்கூட ஒருத்தன் இல்ல. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணேன், தடுக்கற எடத்துல ஆளு சேக்கணும்னு. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன், அவன் விழுந்தா இன்னொருத்தன். டெப்த்னு சொல்லுவோம்.

— ஆளு சேக்கணும்னா சேக்க வேண்டியதுதானே? என்ன எதுக்குத் தூக்கணும்?

— காசு பாவா. எல்லா டீமுக்கும் சம்பளத்துக்குன்னு ஒரே தொகைதான். அதுக்கு மேல ஒரு ரூபா கூடக் குடுக்கக் கூடாது, அது ரூல். ஒம்போது வருஷம் ஆடினவருன்னு உங்களுக்கு ஏறிகினே போச்சு. உங்க ஒருத்தர் சம்பளத்துல சின்னப் பசங்க மூணு பேரை எடுக்கலாம். நல்ல பசங்க, ஓடற பசங்க. நானே போய்ப் பாத்து வச்சிருந்தேன்.

— இது எனக்குப் புரியுது பாப்பா. ஆடிக் கிருத்திகைக்கு நாங்களும் அப்டித்தான். இங்க இருக்கற நாலு பேரால எத்தினி தலை சிரைக்க முடியும்? சோளிங்கர்ல இருந்து, நகரியில இருந்துன்னு ஆளக் கூட்டிகினு வருவோம். ஒருத்தனுக்கு இடுப்பு போச்சுன்னா இன்னொருத்தன் உக்காருவான்.

— அதேதாண்ணா.

— ஆனா பழைய ஆள எழுப்பி விட மாட்டோம்.

— சரி வுடு கண்ணையண்ணா. அது சொல்றதும் நியாயமாத்தான் கீது. மூணு பசங்க வந்தா பின்னால பலமா இருக்கும். யாரு யாரு வந்தாங்க?

— யாரும் வரல.

— வரலன்னா?

— எடுக்கல பாவா. மூணு பேர்ல ஒருத்தனைக்கூட எடுக்கல. உங்களை விட்ட காசை வாங்கி பெல்ஜியத்துக்காரன் ஒருத்தன் தலையில கொட்டினானுங்க. கோல் போடறவனாம், போஸ்டர்ல மூஞ்சி நல்லா இருக்குமாம். நான் எழுதினதுல மேல் பாதிய மட்டும் கிழிச்சு எடுத்துகினானுங்க. டில்லிபாபுவை விடுன்னு இருந்துச்சா, சரி விட்டாச்சு. பசங்களை எடுன்னு இருந்துச்சா, அது யாருக்கு வேணும்? டிஃபென்ஸ்க்கு டிக்கெட் விக்குமான்னு கேக்கறான் ஓனர். ரூமே சிரிக்குது.

— அப்ப பின்னால ஆடறதுக்கு?

— போன வருஷத்தை விட ஒரு ஆள் கம்மி.

— பெனால்டி கார்னர் வந்தா மொத ஓட்டம் யாரு ஓடுவான்?

— தெரியல. எவனோ ஓடுவான். இல்ல ஓடமாட்டான். எக்கேடோ கெடட்டும்!

— கத்தாத. சாமி கும்பிட வந்தவங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும்.

— நான் ஒண்ணு கேக்கறேன் யுவா. சம்பளம் ஜாஸ்தின்னா, கொறச்சுக்கோ பாவான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பாதிக்கு ஆடியிருப்பேன். பசங்க சம்பளத்துக்கே ஆடியிருப்பேன்.

— எப்படிக் கேட்பேன்? என்னைக் காலேஜ்ல சேக்கும்போது வரிசையில நின்னது நீங்க. அக்காவைக் கட்டிகினு வந்த மனுஷன்கிட்ட, பொண்ணு வீட்டுக்காரி போய், உன் கூலியக் கொறைச்சுக்கோன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அம்மா என்னைச் செருப்பால அடிச்சிருக்கும்.

— கூலியக் கொறைன்னு கேக்கறது மரியாத இல்ல. வூட்டுக்கு அனுப்பறது மரியாத. சொல்லு.

— அதுமட்டும் இல்ல பாவா. உண்மையச் சொல்லிடறேன். முதல்ல போட்ட லிஸ்ட்ல உங்க பேரு இருந்துச்சு. சம்பளத்தைக் கொறச்சு வச்சுக்கலாம்னுதான் எழுதியிருந்தேன். அங்க ஒருத்தன் இருக்கான், வெளிநாட்ல படிச்சவன், அப்பன் காசு. என்ன யுவஸ்ரீ, ஃபேமிலி கோட்டாவான்னான். சிரிச்சுகினேதான் சொன்னான். அன்னைக்கே உங்க பேரைக் கீழ எறக்கிட்டேன். பாவாவுக்குப் பாத்து வேலை செய்றாள்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. நான் படிச்சு வாங்கின வேலை இது. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கணக்குக்காக மட்டும் எறக்கல.

— அவன் பேரு இன்னா?

— எதுக்கு?

— சும்மா. தெரிஞ்சு இன்னா பண்ணப் போறேன்.

— நைனா, சோப்பு காஞ்சு போச்சு. நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— இந்த அண்ணன் வேற. பாவா, எழுந்திரிங்க. கேட்டது கிடைக்கலன்னா எதுக்கு முடி குடுக்கணும்? மிச்சத்தையாவது வச்சுகினு வாங்க.

— பாதி மொட்டையோடயா? மா, டிக்கெட் ஒரு தலைக்கு ஒண்ணு. பாதித் தலைக்கு டிக்கெட்லாம் கெடயாது. வழிச்சத ஒட்டவா முடியும்?

— கேட்டது குடுக்காத சாமிக்கு எதுக்குண்ணா?

— சாமிகிட்ட நீ கணக்கு கேக்கறே. என்கிட்ட ஆபீஸ்ல கேப்பாங்க. நைனா இந்தத் தலையோட படி எறங்கினா கண்ணையன் குடிச்சுட்டு செரச்சான்னுதான் சொல்லுவாங்க.

— இரு கண்ணையண்ணா. யுவா, அந்தப் பசங்க இன்னா ஆனாங்க? மூணு பேருன்னியே.

— ஒருத்தன் மாடு மேய்க்கறான், திருவாலங்காட்டுப் பக்கம். ஒருத்தன் அரக்கோணத்துல மெக்கானிக் கடையில சேந்துட்டான், அதீப்னு பேரு. மட்டையவே தொடறதில்லையாம். மூணாவது பையன் கனகம்மாசத்திரம். அவன்தான் இருக்கறதுலயே கெட்டி. இடது கைப் பக்கம் ஒரு ஈ போகாது. அவனை மட்டும் என்னால விட முடியல. சும்மா வீட்ல குந்தியிருக்காதடா, ஹாக்கி ஆடற பசங்களுக்கு வேலை குடுக்கற கம்பெனி எல்லாத்துலயும் பேரு குடுத்து வை, எடம் காலியானா கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். அதாவது பலிச்சா சரி. இந்த வருஷம் நான் பண்ணதுல அது ஒண்ணுதான் உருப்படியான காரியம்.

— ஆங்.

— என்ன ஆங்? உங்க வேலையப் பாருங்க. ஹாக்கி போனா போகுது பாவா. கம்பெனி வேலை இருக்குதில்ல? நிரந்தரம். பி.எஃப். கேண்டீன்ல சாப்பாடு. முட்டியும் தேறும். அந்த சம்பளத்துல அக்கா எப்படியும் ஓட்டிடும். நானும் இருக்கேன். ஏன் தலையக் குனியறீங்க பாவா? வேலை இருக்குதில்ல?

— காலையில கம்பெனில இன்னா ஆச்சுன்னு சொல்ல வந்தேன். நீ அப்புறம்னே.

— என்ன ஆச்சு?

— போன வாரமே மேனேஜர் சொல்லிட்டாரு. இந்த வருஷம் ரிலீஸ் கெடயாது டில்லி, மிஷினு ஓட்ட ஆளில்ல, ஆட்டம்தான் வேணும்னா வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போன்னாரு. நான் பதில் பேசல. டீம்ல வச்சுக்குவாங்களான்னே தெரியாதப்ப இன்னா பேசறது? நேத்து மெயிலு வந்துச்சா. ஆட்டம் ரெண்டு மாசம், ஆனா அந்தக் காசு கம்பெனில ஒரு வருஷத்துக்கு மேல வரும். காலையில போனேன். மெயில பேப்பர்ல பிரிண்ட் எடுத்துகினு போயி மேனேஜர் மூஞ்சிக்கு நேரா காட்டினேன். பாருங்க சார், டீமே ரிலீஸ்னு போட்டிருச்சுன்னேன். அவரு படிச்சாரு.

— படிச்சாரா? முழுசா?

— முழுசாத்தான் படிச்சாரு. என்ன ஒரு மாதிரி பாத்தாரு. அப்ப நீ கண்டிப்பாப் போறியான்னு கேட்டாரு. ஆமா சார்ன்னேன். எழுதிக் குடுன்னாரு. எழுதிக் குடுத்துட்டேன்.

— அந்த ஆளு... படிச்சுப் பாத்துட்டு... ஒரு வார்த்தை சொல்லலையா?

— அவருக்கு என்ன விட்டா செலவு கம்மி. எனக்கு அங்கயும் சம்பளம் ஏறிகினுதானே போச்சு.

— வாங்க. எழுந்திரிங்க. தலையில துண்டைச் சுத்திக்குங்க. சாயந்தர ஷிப்டுக்குள்ள போயிடலாம். தப்பாப் புரிஞ்சுகினாருன்னு நான் பேசறேன். அந்தாளு சட்டையைப் புடிச்சுக் கேக்கறேன். இன்னிக்குக் காலையிலதானே குடுத்தீங்க, ஃபைல்ல கூட ஏறியிருக்காது. வாங்க பாவா! ஏன் குந்திகினே இருக்கீங்க?

— போயி பிரயோஜனம் இல்ல.

— ஏன் இல்ல?

— எடம் ரொம்பிடுச்சு.

— ஒரு நாளைக்குள்ளயா?

— ஒரு மணி நேரத்துக்குள்ள. நான் எழுதிக் குடுத்துட்டு பேட்ஜக் கழட்டிகினு இருக்கும்போதே, வெளிய பெஞ்சுல இருந்து ஒருத்தன உள்ள கூப்ட்டாங்க. வாரா வாரம் வந்து கேட்டுட்டுப் போவானாம். நீ சொன்னியே, ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன்னு. அவங்ககிட்ட டெப்த் இருக்குது யுவா.

— அடப் பாவமே. யாரு நைனா அவன்? கேட்டு வாங்கிக்கலாமே.

— சின்னப் பையன். கால்ல பிஞ்சு போன ஸ்போர்ட்ஸ் ஷூ. ஹாக்கி ஆளு மாதிரி கீதேன்னு பேரு கேட்டேன். தணிகைமணின்னான். ஊரு கனகம்மாசத்திரம்.

— பாவா.

— நீ அந்தப் பக்கத்தயும் வழி கண்ணையண்ணா, சனம் நிக்குது. யாருடா உன்ன இங்க அனுப்பினதுன்னு கேட்டேன் யுவா. யுவஸ்ரீ அக்கான்னான். நீ அனுப்பின பையன்னதும் சந்தோஷம் தாங்கல. மிஷினு காட்டிக் குடுத்து, என் லாக்கர் சாவிய என் கையாலயே அவனுக்குக் குடுத்துட்டு, நேரா மொட்டை போட வந்துட்டேன்.